மூடிய சாராயக்கடையில் ஒரு ஐப்பசி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவரவர் அப்பாவிடம் வந்து நின்றுவிடுகிறது. உங்களில் ஒருவருடைய அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஒருவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். இன்னொருவருடைய அப்பா பருத்தித் தரகர். என் முறை வரும்போது மட்டும், காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நான் எழுந்து போய்விடுவேன். நீங்கள் கவனித்திருக்கலாம், பெருந்தன்மையால் கேட்காமல் இருந்திருக்கலாம். இந்த வயதில் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? என் அப்பா சாராயக்கடை நடத்தியவர். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே ஆயுளில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டேன். ஆனால் அந்தக் கடையை மூடியதும் வந்த ஐப்பசி மாதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகும் சாலையில், எங்கள் ஊருக்குக் கால் மைல் முன்னால், கரிசல் காட்டின் ஓரத்தில் அந்தக் கடை தனியாக நிற்கும். சர்க்கார் ஏலத்தில் அப்பா எடுத்த கடை. நாட்டு ஓடு வேய்ந்த நீளமான ஒரே அறை. உள்ளே ஒரு மரப் பீப்பாய். அதன் வயிற்றில் ஒரு பித்தளைக் குழாய். குழாயின் திருகு சேவல் தலை மாதிரி இருக்கும். அதை ஒரு தடவையாவது திருகிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புளித்த வெல்லமும் ஈரச் சாக்கும் கலந்தது போன்ற ஒரு வாடை சாலை வரைக்கும் வந்து ஆளைப் பிடிக்கும்.

முன்வாசல் வழியாக ஊர்க்காரர்கள் வந்து கண்ணாடிக் கிளாசில் குடிப்பார்கள். ஊருக்குக் கிழக்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கூலிக் குடும்பங்களின் ஆண்களுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல். அவர்களுக்கு அப்பா சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார். ஊர் வழக்கம் அது. அன்று யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. அந்தச் சிரட்டைகள் ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பியில் கோத்துத் தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலிக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்பதை இன்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

அப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கடையை அடைத்துவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அது அம்மாவின் சட்டம். கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் அம்மா அந்தக் கடைப் பக்கம் போனதே இல்லை. பஸ் ஏறப் போவதென்றாலும் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு, முள் குத்தினாலும் பரவாயில்லை என்று நடப்பாள்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கதர்ச் சட்டை. கள்ளுக்கடை மறியலில் தடியடி பட்ட தழும்பு ஒன்று அவர் முழங்கையில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பார், சாப்பிட மாட்டார்.

"ஒன் கைச்சோறு வேணாங்கலக்கா. அது வந்த வழிதான் வேணாங்குறேன்" என்பார், அப்பா காது கேட்கவே.

அப்பா அதற்கும் சிரித்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார். அவருக்கு ரோஷமே கிடையாது என்று மாமா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஐப்பசிக்கு முந்தின வருஷக் கோடையில் காலரா வந்தது. கூட்டம் சேரக்கூடாது என்று கடையை நாலு நாள் அடைத்து வைக்கச் சொன்னார்கள். நாலாம் நாள் எங்கள் ஊர்த் தலையாரி செத்துப்போனார். காலரா இல்லை. மூணாம் நாளே கைகால் உதறி, சுவரெல்லாம் பூரான் ஊர்கிறது என்று கம்பால் சுவரை அடித்து, நுரை தள்ளி விழுந்தார். முனி அடித்துவிட்டது என்றது ஊர். அப்பா அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, குளிக்காமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா போய் என்னவென்று கேட்டாள்.

"தெனமும் விடிஞ்சதும் மொத ஆளா வாரவரு அவருதான்" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் புரட்டாசியில், எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வருகிறது என்று தண்டோரா போட்டார்கள். மாமா மிட்டாய்ப் பொட்டலத்தோடு பஸ் பிடித்து ஓடி வந்தார்.

"ஒழிஞ்சது சனியன் மச்சான்! இந்த மாசத்தோட கடை கெடையாது. இனிமேத்தான் நம்ம ஆளுக மனுசரா இருக்கப் போறாக."

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "சந்தோசம் மாப்ள. மூணாம் நாளு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார்.

"எந்த மூணாம் நாளு?"

"கடைய அடைச்ச மூணாம் நாளு."

மாமா சிரித்தார். "மூணாம் நாளு அவனவன் பொண்டாட்டி பிள்ளையோட ஒக்காந்து நிம்மதியாச் சோறு திம்பான். ஒங்களுக்குப் பொழப்புப் போகுதேன்னு கவலை. அத நேராச் சொல்லுங்க."

அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் மிட்டாயில் கவனமாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து எனக்குக் காது வலி வந்தது. அப்பா என்னைத் திருமங்கலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே சொந்தமாக வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் இருந்தார். ஒல்லியான மனுஷர், கிழிந்த கோட்டு, அவருடைய அறையே கற்பூரமும் டிங்சரும் மணக்கும். என் காதில் வெதுவெதுப்பாக ஏதோ விட்டுப் பஞ்சு அடைத்தார். நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, இன்னொரு சங்கதி கேக்கணும். பாப்பாவுக்கு இல்ல" என்றார் அப்பா. "நான் சாராயக்கடைக்காரன்."

"மூடப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். குடிக்கிறதுக்குப் பெர்மிட்டு கிர்மிட்டு எழுதிக் குடுங்கன்னு எங்கிட்ட வராதீங்க."

"அதுக்கு இல்லய்யா. பல்லு வெளக்குறதுக்கு முந்தியே எங்கடைக்கு வாரவுக ஆறு பேரு இருக்காக. ஒரு வாய் உள்ள போனாத்தான் அவுகளுக்குக் கை நடுக்கம் நிக்கும். போன வருசம் நாலு நாளு அடைச்சதுல ஒருத்தரு செத்தாரு. முனிங்குறாக. நான் அப்பிடி நெனைக்கல. இந்தத் தடவ ஆறு பேரும் போயிருவாகளோன்னு பயமா இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "செத்தவரு சுவத்துல என்ன பாத்தாரு?"

"பூரான்."

"ம். முனி இல்ல. நீங்க நெனைச்சதுதான் சரி." அவர் அப்பாவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "குடிக்கிறவன் பொண்டாட்டி அழுதுக்கிட்டு எங்கிட்ட வந்திருக்கா. அவன் அப்பன் வந்திருக்கான். விக்கிறவரு வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன். ஆறு பேரையும் ஒரே எடத்துல வச்சுக்க முடியுமா? வீட்டுல விட்டாக் கட்டிப்போட்டு அடிப்பாங்க. கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது, தனியா விடவும் கூடாது."

"எடம் இருக்குய்யா. காலியாத்தான கெடக்கப்போகுது."

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் நாள் உதறும். மூணாம் நாள் பூச்சி, பாம்பு என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீரும் உப்புக் கஞ்சியும் விடாமல் கொடுக்க வேண்டும். இருட்டு ஆகாது, நிழலைக் கண்டால் பயம் கூடும். தீட்டாத அரிசி, தவிடு, ஈரல், முட்டை. தூக்கத்துக்கு ஒரு மருந்து. அது பழுப்பு நிறப் பாட்டிலில் இருந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காகிதப் பல் ஞாபகம் இருக்கும்.

புரட்டாசி முடிகிற சமயம் அதிகாரிகள் வந்து பீப்பாயை வண்டியில் ஏற்றினார்கள். மாமாவும் அவர் கூட்டாளிகளும் கொடி பிடித்துக் கோஷம் போட்டார்கள். பீப்பாயோடு சேவல் தலைக் குழாயும் போயிற்று. கூட்டம் கலைந்ததும் அப்பா தனியாளாகக் கடையைக் கழுவினார். வெந்நீர், வேப்பிலை, பிறகு சுண்ணாம்பு. பாய்கள் வாங்கிப் போட்டார். அப்படியும் தரையிலிருந்து அந்த வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஐந்து வீட்டுக்கும் அவரே போனார்; கிழக்கே இருந்தவரை மட்டும் ஓடைக்கரையிலிருந்து கூப்பிட்டுப் பேசினார். நானும் பின்னால் போனேன். வண்டிக்காரர் மனைவி அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பானையில் இருந்த தண்ணீரை அவர் காலடியில் கொட்டினாள். "கடைய அடைச்ச பெறகும் எம்புருசன விடமாட்டியா?"

அப்பா நனைந்த காலோடு நின்றார். "விடுறதுக்குத்தான் கேக்கேன் தாயி. பத்துப் பதினஞ்சு நாளு. நீயும் கூட வந்து இரு. நான் ஏதாச்சும் தப்பாச் செஞ்சா ஊரக் கூட்டு."

அவள் அன்று வரவில்லை. மறுநாள் விடிகாலையில் கணவரின் கை உதறலைப் பார்த்துவிட்டு, அவரை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். இப்படி ஒவ்வொருவராக ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவர் பெரிய வீட்டுக்காரர். ஊரிலேயே நிலம் அதிகம் உள்ளவர், கம்பீரமான மீசை. பீப்பாயின் அடியில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியவில்லை.

ஆறு பேரில் ஒருவரை மட்டும் அப்பா பின்பக்கச் சாய்ப்பில் படுக்க வைத்தார். அவர் கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்தவர். பெரிய வீட்டுக்காரர் கிணற்றில் கமலை ஓட்டித் தண்ணீர் இறைப்பவர். அவரும் மனைவியும் அங்கேயே பாயை விரித்துக்கொண்டார்கள்.

கஞ்சிக்கு ஆள் வைக்கலாம் என்று அப்பா வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். காலையில் அம்மாவே கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வரப்பில் இறங்காமல் நேராகச் சாலையில் நடந்தாள். கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நாலு சுவர், ஒரு நீளத் தரை, நடுங்கிக்கொண்டு ஐந்து மனுஷர்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். படியேறி உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. கரிசல் மண் குழைந்து சாலை பூராவும் சேறு. பின்பக்கச் சாய்ப்புக் கூரை பொத்துக்கொண்டு ஒழுகியது. கமலைக்காரர் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்; அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அவர உள்ள கூட்டியாங்க."

பெரிய வீட்டுக்காரர் நடுக்கத்தோடு நடுக்கமாக எழுந்து உட்கார்ந்தார். "எனக்குச் சரியா அவனப் படுக்க வைக்கப் போறியா?"

"இருவது வருசமா ஒங்க தோட்டத்துக்கு அவருதான தண்ணி எறைச்சு ஊத்துறாரு" என்றாள் அம்மா. "அந்த வெள்ளாமையத் திங்கும்போது சரியாத்தான இருந்துச்சு?"

அம்மா அவரிடம் அப்படிப் பேசியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா போய்க் கமலைக்காரரைத் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி வாசலிலேயே தயங்கி நின்றாள். அம்மா அவள் கையில் கஞ்சிக் கரண்டியைக் கொடுத்தாள்.

மூணாம் நாள் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போயிருந்தேன். மழை இருட்டு என்பதால் அப்பா நாலு அரிக்கேன் விளக்கு ஏற்றி வைத்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் தன் வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். "எறும்பு. எம்புட்டு எறும்பு பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் அவர் முகம் மாறிவிட்டது. அலறிக்கொண்டு எழுந்தார். தடுக்க வந்த அப்பாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மழையில் ஓடினார்.

கடைக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. உடம்பில் ஏறியதைக் கழுவுகிறேன் என்று அதை நோக்கித்தான் ஓடினார். அப்பாவுக்கு விழுந்ததில் முழங்கால் பிசகிவிட்டது. வண்டிக்காரராலும் மற்றவர்களாலும் எழவே முடியவில்லை. கமலைக்காரர்தான் எழுந்தார். அவருக்கும் உதறல் நிற்கவில்லை. சேற்றில் இரண்டு தடவை விழுந்தார். கிணற்று விளிம்பில் பெரிய வீட்டுக்காரரை எட்டி, பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அப்படியே அவரோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பெரிய வீட்டுக்காரர் அவர் கையைக் கடித்தார். அவர் விடவில்லை.

"இந்தா, எறும்பு போயிருச்சு சாமி. தண்ணி ஊத்திட்டேன். அம்புட்டும் போயிருச்சு" என்று மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல் சொல்லிக்கொண்டே இருந்தார். கமலையில் மாடு மிரண்டால் அப்படித்தான் பேசுவார் என்று அவர் மனைவி பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

அப்பா சொல்லியனுப்ப, டாக்டர் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார். கோட்டெல்லாம் சேறு. பெரிய வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார். அன்றும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் டாக்டர் அங்கேயே இருந்தார். அம்மா இட்ட சோற்றைச் சாப்பிட்டார். பெரிய வீட்டுக்காரர் ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, "பசிக்குது" என்றபோது, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நான் நினைத்தேன்.

இதற்குள் மதுரைக்கு வேறு மாதிரி செய்தி போயிருந்தது. மூடிய கடைக்குள் ஆட்கள் போகிறார்கள், வெளியே வருவதில்லை. பாட்டிலில் ஏதோ ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் மாமா ஒரு சப்-இன்ஸ்பெக்டரையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்று லத்தியால் கதவைத் தட்டினார் சப்-இன்ஸ்பெக்டர்.

உள்ளே நான் பெரிய வீட்டுக்காரரோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தேன். தரையில் கரிக்கட்டையால் கோடு போட்டு, புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தவிட்டு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தின்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தவிட்டில் கருப்பட்டி சேர்த்து இடித்துப் பிடித்தது. "மாட்டுக்கு வைக்கிறத மனுசனுக்கு வைக்கிறாக" என்று பெரிய வீட்டுக்காரர் தினமும் திட்டிக்கொண்டே இரண்டு தின்பார்.

சப்-இன்ஸ்பெக்டர் பழுப்புப் பாட்டிலைக் கண்டுவிட்டார். மூடியைத் திறந்து மோந்தார். மாமாவிடம் நீட்டினார். மாமா அதை ஒரு மடக்குக் குடித்தே பார்த்துவிட்டார். அவருடைய முகம் கோணிய கோணலில், அதுவரை முனகிக்கொண்டிருந்த வண்டிக்காரர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"தூங்குற மருந்து மாப்ள" என்றார் அப்பா. "ஒரு வேளைக்கு ஒரு பல்லு. நீங்க ரெண்டு பல்லு குடிச்சுட்டீக."

சப்-இன்ஸ்பெக்டர் டாக்டரின் சீட்டைப் படித்தார். ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்க பெரியப்பா ஒருத்தரு இருக்காரு. கூட்டியாந்தா வச்சுக்குவீகளா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அப்பா, கூட்டி வாங்க என்றார். ஏழாவது பாய் அப்படி வந்தது.

மாமா மருந்தின் வேகத்தில் பெரிய வீட்டுக்காரர் பாயிலேயே தூங்கிவிட்டார். சாயங்காலம் கண் விழித்தபோது அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்னாலும் ஒரு கும்பாவை வைத்தாள். மாமா கும்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"மூணாம் நாளுன்னு கேட்டீகளே மச்சான். அன்னைக்கே வெளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா மாப்ள?"

மாமா கும்பாவை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்த நாளெல்லாம் எங்களோடுதான் இருந்தார்.

அந்த நாட்களைத்தான் நான் இன்றைக்கும் ஆசையாக நினைத்துக்கொள்வது. உதறல் நின்றுவிட்டது, ஆனால் பொழுது சாய்கிற நேரம் எல்லாருக்கும் நிலைகொள்ளாது. வழக்கமாகக் கடைக்கு வருகிற நேரம் அது. சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கென்று அப்பா கற்றாழை நார் வாங்கிப் போட்டார். எல்லாரும் உட்கார்ந்து கயிறு திரிப்பார்கள். மாமா தினசரிப் பேப்பர் வாசிப்பார். அம்மா ஈரல் வறுப்பாள். மிளகும் சீரகமும் மணக்கிற மணத்தில் அந்தத் தரையின் பழைய வாடை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெளியே மழை பெய்யும். பெரிய வீட்டுக்காரர் ஆடுபுலியில் கள்ளாட்டம் ஆடுவார். நான் பார்க்காதபோது ஒரு ஆட்டை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்வார். கமலைக்காரர் அதைக் கண்டுவிட்டால் கண்ணாலேயே எனக்குக் காட்டிக்கொடுப்பார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று சொன்னால் அது பொய். வண்டிக்காரர் பன்னிரண்டாம் நாள் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், எங்கேயோ காட்டுக்குள் காய்ச்சியதைக் குடித்துவிட்டு ஓடையில் கிடந்தார். அப்பா போய்த் தூக்கி வந்தார். மறுபடி போனார், மறுபடி தூக்கி வந்தார். "ஒங்களுக்கு வேற வேல இல்லயா?" என்று வண்டிக்காரர் மனைவியே ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள். அவர் அப்படியே சில வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தார். சப்-இன்ஸ்பெக்டரின் பெரியப்பா தேறினார். பொங்கலுக்குப் பொங்கல் கரும்புக் கட்டு அனுப்புவார். பெரிய வீட்டுக்காரர் மறுபடி குடிக்கவில்லை. ஆனால் தெருவுக்குத் திரும்பியதும் பழைய பெரிய வீட்டுக்காரராகத்தான் நடந்துகொண்டார். கமலைக்காரரின் கையில் பல் பட்ட தழும்பு இருந்தது. அதைப் பற்றிப் பெரிய வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது. அது எங்கள் அம்மாவுக்குக் கடைசி வரை ஆறவில்லை.

அப்பா அந்த இடத்திலேயே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கத் தொடங்கினார். முன்வாசல் ஒன்றுதான், பின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு தடவை தைரியமாகக் கேட்டேன். "ஏம்ப்பா அத வித்தீக?"

அப்பா சாக்கு ஊசியைக் கீழே வைத்தார். "விக்கும்போது அளவு சரியா இருக்கான்னுதான் பாத்தேன் தாயி. குடிக்கிற ஆளப் பாக்கல. தலையாரி செத்த பெறகுதான் ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சாரு." சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது தீபாவளிக்கு முந்தின நாளைப் பற்றி.

அன்றைக்குத்தான் கமலைக்காரர் வீட்டுக்குப் போனார். மழை விட்டு நல்ல வெயில். அம்மா அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெயும், ஒரு பொட்டலம் அதிரசமும் கொடுத்தாள். அவர் மனைவி முன்னாலேயே போய்விட்டாள். அப்பா முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே அவரோடு நடந்தார்; நானும் போனேன். கிழக்குக் குடியிருப்புக்குள் எங்கள் ஆட்கள் போவதில்லை என்பதால் நானும் அப்பாவும் ஓடைக்கரையில் நின்றுவிட்டோம். அங்கிருந்து பார்த்தாலே அவர் குடிசை தெரியும்.

அவருக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் குடித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டாலே அது ஓடிப்போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமாம். அன்றும் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே ஓடி ஒளிந்தது. சிவப்புப் பாவாடையின் ஓரம் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மனைவி கூப்பிட்டாள். அது வரவில்லை. போய் இழுக்கப் போனாள்.

"இழுக்காத. அதா வரட்டும்" என்றார் அவர்.

அதிரசப் பொட்டலத்தைக் கூட நீட்டவில்லை. அதை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். கோழிகள் அவரைச் சுற்றி மேய்ந்தன. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குக் கால் கடுத்தது. போகலாம் என்று அப்பாவின் துண்டை இழுத்தேன். அவர் அசையவில்லை.

கடைசியில் அந்தக் குழந்தை வெளியே வந்தது. இரண்டு அடி வைத்தது, நின்றது. மறுபடி இரண்டு அடி. அவருக்கு முன்னால் வந்து நின்று, அவர் முகத்தைக் குனிந்து பார்த்தது. பிறகு மூக்கை அவர் வாயருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொள்ளாமல், மெதுவாக ஊதிக் காட்டினார். குழந்தை யோசித்தது. இன்னொரு தடவை மோந்தது. அப்புறம் பின்பக்கமாகச் சுற்றிப் போய், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறிக்கொண்டது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா தாயி, போவோம்" என்றார். "அவரு வீடு போய்ச் சேந்துட்டாரு."